‘மறுக்கிறேன்’ என்ற பொத்தான் எங்கே?

நேற்றிரவு படுக்கப் போகும் முன் கைப்பேசியைத் திறந்தேன். பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் செய்தி அனுப்பும் செயலி ஒன்று திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பை நீட்டியது. விதிமுறைகளைப் புதுப்பித்திருப்பதாக மேலே ஒரு வரி. அதன் கீழே திரையின் அகலம் முழுக்க நீல நிறத்தில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான். அதற்கும் கீழே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் மட்டுமே தெரிகிற வெளிர் சாம்பல் எழுத்தில் ‘பிறகு’ என்று ஒரு சொல். ‘மறுக்கிறேன்’ என்பது அந்தத் திரையில் எங்கும் இல்லை. ‘மேலும் அறிய’ என்பதைத் தொட்டு உள்ளே போய், அமைப்புகள், கணக்கு, தனியுரிமை, விளம்பரத் தெரிவுகள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து முக்கால் மணி நேரம் தேடியும் அது கிடைக்கவில்லை. கண்ணில் பட்டவையெல்லாம், என் விரல் ஒருநாளும் தொட்டிராத, ஆனாலும் ஏற்கெனவே இயக்கத்தில் இருந்த பதினொரு சுவிட்சுகள்தான்.

இதற்குத்தான் என் ஒப்புதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் தரவை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைவிட, அதை நானே மனமுவந்து கொடுத்ததாக எழுதிவைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரை, எந்த நேரத்தில், எத்தனை முறை தொடர்புகொள்கிறேன், எந்த ஊரில் இருந்து பேசுகிறேன், எந்தக் கடையின் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்று படித்தேன் என்பதையெல்லாம் ஒன்றாகக் கோத்து விளம்பரதாரருக்குப் பயன்படும் ஒரு உருவமாக்கிவிட்டு, கேட்டால் என் விரல்ரேகையைக் காட்டுகிறார்கள்.

“பிடிக்கவில்லை என்றால் விலகிவிட வேண்டியதுதானே” என்று யாராவது சொல்லும்போது கோபம் தலைக்கேறுகிறது. நான் விலகிப் பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் கணக்கை நீக்கிவிட்டு ஐந்து வாரம் இருந்தேன். அலுவலகக் கூட்டம் நேரம் மாறியது எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் வகுப்பு அறிவிப்புகளை இன்னொரு பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. பெரியம்மா இறந்த செய்தி குடும்பக் குழுவில் மட்டும் பகிரப்பட்டு, இரண்டு நாள் கழித்தே என் காதுக்கு எட்டியது. அன்றே மீண்டும் சேர்ந்துவிட்டேன். ஒரு செயலியைவிட்டு விலகுவதாக நினைத்துத்தான் போனேன். மனிதர்களைவிட்டு விலகியிருந்தேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஐந்து வாரமும் என் எண் அவர்களிடம் போகாமலா இருந்திருக்கும்? தன் தொடர்புப் பட்டியலைப் பகிர அனுமதித்த ஒவ்வொரு நண்பரின் கைப்பேசியும் அதை அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதற்கு என்னிடம் யாரும் எந்தப் பொத்தானையும் காட்டவில்லை.

இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. வாங்கிச் சேர்த்து உண்டாக்கப்பட்டது. விளம்பரமே வேண்டாம் என்று சொல்லித் தொடங்கிய வாட்ஸ்அப்பை 2014-இல் 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் நம்பகமான முறையில் தானாகப் பொருத்திப் பார்க்க இயலாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் அப்போது அந்நிறுவனம் தெரிவித்தது. 2016-இல் அந்தப் பொருத்தத்துக்கே வழிசெய்யும்படி வாட்ஸ்அப்பின் விதிகள் மாறின. அதற்கான தொழில்நுட்பம் 2014-லேயே இருந்தது என்று கண்டறிந்த ஆணையம், 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆனால் வாங்கியதற்குக் கொடுத்த அனுமதி அப்படியே நின்றது. தவறான தகவல் கொடுத்தது நிரூபணமான பிறகும் வாங்கிய பொருள் வாங்கியவரிடமே இருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. பிறகு 2021 ஜனவரியில், புதிய விதிகளை ஏற்காதவர்கள் பிப்ரவரி 8-க்குப் பின் சேவையைப் பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு பல நாடுகளின் பயனர்களுக்கு வந்தது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் தேதியைத் தள்ளிவைத்தார்களே தவிர, விதிகளைக் கைவிடவில்லை. போக வேறு இடம் இல்லாதவர்களிடம்தான் இப்படிப் பேச முடியும்.

தேடுபொறியின் கதையும் இதேதான். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதலில் நிற்கும் தேடுபொறி தன்னுடையதாகவே இருப்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் செலவழித்தது என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தது. தேடலில் தன் ஏகபோகத்தை அந்நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். நாம் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை நமக்காக யாரோ விலைபேசி முடித்திருக்கிறார்கள்.

அபராதங்களைச் சொல்லி என்னை யாரும் ஆறுதல்படுத்த வேண்டாம். அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்ட பின், 2019-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விதித்த 500 கோடி டாலர், அந்த ஆண்டில் அந்நிறுவனம் ஈட்டிய ஒரு மாத சராசரி வருவாய்க்கும் குறைவு. கடைக்காரர் மின்கட்டணம் கட்டுவதுபோல இதையும் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடலாம்.

இந்த விஷயத்தின் வேரைத் தொட்டது, எனக்குத் தெரிந்தவரை, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் ஜெர்மனியின் போட்டி ஆணையம்தான். சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் ஒரு நிறுவனம், வெவ்வேறு இடங்களில் திரட்டிய தரவுகளைப் பயனரின் தன்னிச்சையான சம்மதம் இல்லாமல் ஒன்றுசேர்ப்பது, அந்த ஆதிக்கத்தையே தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று 2019-இல் அது ஃபேஸ்புக்குக்கு எதிராக முடிவெடுத்தது. அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட சம்மதம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்று பார்க்கையில், அந்த ஆதிக்கத்தையும் முக்கியமாகக் கருத வேண்டும் என்று 2023 ஜூலையில் அந்நீதிமன்றம் கூறியது. நான் முக்கால் மணி நேரம் தேடிக் கிடைக்காமல் போன பொத்தானைப் பற்றித்தான் அவர்கள் பேசியிருக்கிறார்கள்.

நான் கேட்பது இயலாத ஒன்று அல்ல. ஏற்பதற்கு ஒரு தொடுகை போதும் என்றால் மறுப்பதற்கும் ஒரே தொடுகை போதுமானதாக இருக்க வேண்டும், அதே அளவில், அதே நிறத்தில். இதைச் சிக்கலாக்கியதற்காகவே 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்திருப்பதாக அறிவித்தது. மறுத்தாலும் சேவை தொடர வேண்டும். எந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருந்தும் எந்த நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் கடிதம் போய்ச் சேர்வதைப்போல, எந்தச் செயலியில் இருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். அப்போது நான் விலகினாலும் என் குடும்பம் என்னோடு இருக்கும்.

இன்று காலை அதே அறிவிப்பு மீண்டும் வந்தது. நேற்று ‘பிறகு’ என்று இருந்த இடத்தில் இப்போது ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் ஏற்காவிட்டால், என்னுடைய இத்தனை ஆண்டு உரையாடல்களை நான் திறக்க முடியாது என்று எழுதியிருக்கிறது.