கதவைத் தட்டாத மகள்

தினமும் காலையில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தியானத்தில் உட்காருவேன். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்று நான் சட்டம் போட்டதில்லை, ஆனால் கூப்பிட்டால் என் முகம் எப்படி மாறும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மகள் கதவைத் தட்டினாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மூன்றாவது முறை தட்டியதும் எழுந்து கதவைத் திறந்து கத்திவிட்டேன். அவள் கையில் செருப்பு இருந்தது. வார் மாட்ட வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். நான் மறுபடியும் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அதற்கப்புறம் அவள் தட்டவே இல்லை. மாதக்கணக்கில். தியானம் நன்றாகக் கூடிவருகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி மனைவிதான் கேட்டாள், “அவ இப்பல்லாம் உங்ககிட்ட எதுவுமே கேக்கறதில்ல, கவனிச்சீங்களா?” மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அத்தனை நுணுக்கமாகக் கவனித்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். அதன் முதல் குறள், 301. கோபம் எங்கே செல்லுமோ அந்த இடத்தில் அதைக் காப்பவன்தான் உண்மையில் சினம் காப்பவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார் வள்ளுவர். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்தான், ஆனால் ‘செல்லிடம்’ என்ற சொல் அன்றைக்குத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மேலதிகாரி மேல் வரும் கோபத்தை நான் அடக்குகிறேன் என்றால் அது பொறுமை இல்லை, பயம். திருப்பி ஒன்றும் செய்ய முடியாத ஏழு வயதுக் குழந்தையிடமும், ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்கும் வயதான அம்மாவிடமும்தான் என் கோபம் தடையில்லாமல் செல்கிறது. என்னைப் பொறுத்தவரை செல்லிடம் என்றால் வீடுதான். இந்த அதிகாரம் இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கிறது. எனக்கென்னவோ துறவிக்கு முன்னால் குடும்பத்தில் இருப்பவனுக்குத்தான் இது வேண்டும் என்று தோன்றுகிறது.

வீட்டுச் சத்தம் தியானத்துக்குத் தடை என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கதவைச் சாத்தினேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பல வருஷம் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். பாத்திரச் சத்தத்துக்கும், பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்பதற்கும் நடுவில், மண்டியிட்டு வழிபடும்போது இருக்கிற அதே அமைதியோடு கடவுளுடன் இருக்க முடிகிறது என்று சொன்னவர். அவருக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே பிடிக்காது. எனக்கு அவரை நெருக்கமாக்கியது அதுதான். பிடித்த வேலையில் மனம் ஒன்றுவது பெரிய விஷயமே இல்லை.

இதை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. ‘பாத்திரம் கழுவுவதும் தியானம்தான்’ என்று பேசுபவர்களில் பாதிப் பேர் பாத்திரம் கழுவுவதில்லை. வீட்டு வேலை முழுவதும் ஒருத்தி தலையில் இருக்கும்போது அவளிடம் போய் அதை ஆன்மிகம் என்று சொல்வது அநியாயம். முதலில் பாதி வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும், தத்துவம் அப்புறம். அதே மாதிரி அடி உதை இருக்கிற வீட்டில் ‘பொறுத்துப் போ, அதுதான் தவம்’ என்று யாராவது சொன்னால் அதைக் கேட்கவே கூடாது. அங்கிருந்து வெளியே வருவதுதான் சரி.

நான் மாற்றிக்கொண்டது பெரிதாக ஒன்றும் இல்லை. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் ஒரு பழக்கத்தை வகுத்துக் கொடுத்தார், நடந்து முடிந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது. இயேசு சபையினர் இன்றும் செய்கிறார்கள். அதில் முதலில் நன்றி, அதற்குப் பிறகுதான் தவறுகள். அந்த வரிசை முக்கியம், தவறிலிருந்து ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் என் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. தூங்கப் போகும் முன் இன்று யாரிடம் குரல் உயர்ந்தது, அதற்குச் சற்று முன்னால் உடம்பில் என்ன நடந்தது என்று பார்ப்பேன். சில வாரம் செய்ததும் ஒன்று தெரிந்தது. கத்துவதற்கு முன்னால் என் தாடை இறுகுகிறது. அநேகமாக அப்போது கையில் ஃபோன் இருக்கிறது. குழந்தைகள்தான் காரணம் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். இப்போதும் கோபம் வருகிறது, சில நாள் கத்தியும் விடுகிறேன். ஆனால் தாடை இறுகுவது தெரிந்தால் பாதி நேரம் நிறுத்த முடிகிறது.

இன்னொன்று மன்னிப்புக் கேட்பது. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. “அப்பா கத்தினது தப்பு, ஆனா நீயும்...” என்றுதான் வாயில் வரும். அந்த ‘ஆனா’ இல்லாமல் வாக்கியத்தை முடிக்கப் பழகுவதற்கு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவதைவிட அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. செருப்பு விஷயத்துக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டபோது அவள் “எப்பப்பா?” என்று கேட்டாள். மறந்துவிட்டாளா, மறந்த மாதிரி இருந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் காலையில் உட்காருகிறேன், கதவைச் சாத்துவதில்லை. ரொம்ப நாள் அவள் வாசலைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். போன வாரம் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடப் பையை என் முன்னால் வைத்து, “ஜிப் மாட்டிக்கிச்சுப்பா” என்றாள். துணி நடுவில் நன்றாகச் சிக்கியிருந்தது. எடுக்க நேரமானது. எடுக்கும் வரைக்கும் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.