ரூன்ஸ்கேப் சண்டையில் கை வைக்காதீர்கள்

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய வடிவத்தில் ஆளோடு ஆள் மோதும் சண்டையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர், "அது என்ன சண்டை? ரெண்டு பேரும் மாறி மாறி அடிக்கிறாங்க, நீ கிளிக் பண்ணிட்டு வேடிக்கை பாக்கிற" என்று சொல்லிவிடுகிறார். இன்னொரு கூட்டம், "கொஞ்சம் வேகமா மாத்தணும், செத்தா சாமான் போறதை நிறுத்தணும், அப்பத்தான் புது ஆளுங்க வருவாங்க" என்கிறது. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மெதுவான வேகமும் அந்த இழப்பும்தான் அந்தச் சண்டையின் உயிர்.

முதலில் வேகம். இந்த விளையாட்டின் சர்வர் 0.6 நொடிக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கும். அதைத்தான் டிக் என்கிறோம். நீங்கள் எத்தனை வேகமாகக் கிளிக் செய்தாலும் அடுத்த டிக் வரும்போதுதான் அது நடக்கும். அபிசல் விப் என்ற சாட்டைக்கு 4 டிக்குக்கு ஒரு அடி, அதாவது 2.4 நொடி. ஐஸ் பராஜ் மந்திரத்துக்கு 5 டிக். ஒரு ஷார்க், அதாவது சமைத்த சுறா, தின்றால் 20 உயிர்ப்புள்ளி ஏறும், ஆனால் உங்கள் அடுத்த அடி 3 டிக் தள்ளிப்போகும். ஆக ஒவ்வொரு தடவையும் தின்பதா, அடிப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். எதிராளியும் அதே டிக்குக்குள் தன் முடிவை எடுத்திருப்பார், அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. இருவரும் ஒரே டிக்கில் அடித்து இருவருமே சாவதும் உண்டு.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த விளையாட்டு பிரவுசரிலேயே ஓடியது, இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஜாவா இருந்தால் போதும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் 250 மில்லிசெகண்ட் பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம், இருந்தால் எதிரியைப் பார்ப்பதற்குள் செத்துவிடுவீர்கள். இங்கே 0.6 நொடி இடைவெளியில் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். லண்டன்காரர் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாலும் தூரத்திலிருந்து ஆடுபவர் அவரோடு சரிக்குச் சரி நின்று மோதலாம். வேகத்தைக் கூட்டுங்கள் என்பவர்கள் முதலில் பறிக்கப் பார்ப்பது இதைத்தான்.

ஒரு சண்டையைக் கிட்டே போய்ப் பாருங்கள். எட்ஜ்வில் என்ற ஊருக்கு வடக்கே, அகழியைத் தாண்டி, ஆளை ஆள் தாக்கலாம் என்கிற வைல்டர்னஸ் பகுதியில், எதிராளியை ஐஸ் பராஜால் உறைய வைத்துவிட்டீர்கள். சுமார் 20 நொடி அவரால் நகர முடியாது. ஆனால் அடிக்கலாம், தின்னலாம், பிரேயர் (போட்டிருக்கும்வரை பலன் தரும் பிரார்த்தனை) மாற்றலாம். அவர் தலைக்கு மேலே மந்திரத்தைத் தடுக்கும் பிரேயரின் சின்னம் தெரிகிறது. நீங்கள் மந்திரவாதி அங்கியைக் கழற்றிக் கவசம் மாட்டி விப்பைக் கையில் எடுக்கிறீர்கள். அந்த உடைமாற்றம் அவர் திரையில் தெரிந்துவிடும். உடனே கைச்சண்டையைத் தடுக்கும் பிரேயருக்கு மாறுவார். மாறிவிட்டால் உங்கள் அடியில் 40 சதவீதம் போச்சு. கவசம் மாட்டிய அந்த நொடியில் மந்திரத்துக்கு எதிரான உங்கள் தற்காப்பும் விழுந்திருக்கும், அவர் திருப்பி உங்களை உறைய வைக்கலாம். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் விப்பைக் காட்டுவார், அடிக்க மாட்டார். எதிராளியின் பிரேயர் மாறியதும் மந்திரக்கோலைத் தூக்கி மறுபடி மந்திரத்தை விடுவார். இரண்டு தடவை இப்படி ஏமாந்தவர் மூன்றாவது தடவை விப்பைப் பார்த்தும் பிரேயரை மாற்றாமல் நிற்பார். அங்கேதான் டிராகன் டாகர் என்ற குத்துவாள் வரும். ஒரே ஸ்பெஷலில், அதாவது ஆயுதத்தின் சிறப்புத் தாக்குதலில், இரண்டு குத்து, அது இறங்குவதற்குள் கிரானைட் மால் என்ற சம்மட்டி. மாலின் ஸ்பெஷலுக்கு காத்திருப்பே கிடையாது. பாதிக்கு மேல் உயிர் வைத்திருந்த ஆள் ஒரு ஷார்க் தின்ன நேரம் கிடைக்காமல் விழுவார்.

வேடிக்கை பார்க்கிறோம் என்று சொல்பவர்கள் பார்த்தது அந்தக் கடைசி அடியை மட்டும்தான்.

அப்புறம் இழப்பு. வைல்டர்னஸில் நீங்களாக ஒருவரைத் தாக்கினால் தலைக்கு மேல் மண்டை ஓடு வந்துவிடும். அந்த நிலையில் செத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மண்டை ஓடு இல்லாதவருக்கு விலை உயர்ந்த 3 பொருள் மிஞ்சும். பொருள் காக்கும் பிரேயர் எரிந்துகொண்டிருந்தால் இருவருக்குமே ஒன்று கூடுதலாகத் தங்கும். இந்த இடத்தில் ஸ்மைட் என்ற பிரேயரைக் கொண்டுவந்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு 4 உயிருக்கும் எதிராளியின் பிரேயரில் 1 குறையும். பிரேயர் தீர்ந்தால் அந்தக் கூடுதல் பொருளும் உங்களுக்குத்தான். ஆனால் ஸ்மைட் போட்டிருக்கும்போது தடுப்புப் பிரேயர் எதுவும் போட முடியாது, முழு அடியையும் நீங்கள் வாங்க வேண்டும். அவருடைய சாமான் மேல் ஆசைப்பட்டால் உங்கள் நெஞ்சைத் திறந்து காட்டியாக வேண்டும். இந்தக் கணக்குக்கெல்லாம் அர்த்தம் வருவதே தோற்றவருக்கு ஏதோ ஒன்று நிஜமாகவே போவதால்தான்.

இழப்பில்லாமல் பழக இடம் இல்லாமல் இல்லை. லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் என்ற தனிப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாமான் தருவார்கள், செத்தால் ஒன்றும் போகாது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது, புதியவர்களை நானே அங்கே அனுப்புவேன். ஆனால் அங்கே யாரும் பயந்து தின்பதில்லை, யாரும் திரும்பி ஓடுவதில்லை.

மாற்றிப் பார்த்த கதையும் இருக்கிறது. 2007 டிசம்பர் 10 அன்று விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் வைல்டர்னஸில் ஆளை ஆள் தாக்குவதையே எடுத்துவிட்டது. நிஜப் பணத்துக்கு விளையாட்டுத் தங்கம் விற்பவர்களையும் அவர்களின் திருட்டு கிரெடிட் கார்டுகளையும் ஒழிக்க என்று காரணம் சொன்னார்கள். காரணம் உண்மைதான். ஆனாலும் 2011 பிப்ரவரியில், வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கேட்ட பிறகு, திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2012 நவம்பரில் சண்டை முறையையே புதிதாக்கி, பொத்தான் வரிசை வைத்த நவீன விளையாட்டுகள் மாதிரி ஆக்கினார்கள். மூன்றே மாதத்தில், 2013 பிப்ரவரியில், 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியைத் தூசி தட்டித் தனி விளையாட்டாகத் திறந்தார்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் இன்றைக்கும் ஓடுகிறது, அதே 0.6 நொடியில்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. முப்பது பேர் சேர்ந்து ஒருவரைச் சாய்க்கும் மல்டி பகுதியில் நான் மேலே சொன்ன நுணுக்கம் எதற்கும் வேலை கிடையாது. க்ளூ ஸ்க்ரோல் என்ற புதையல் குறிப்புக்காக வந்து மண்வெட்டியோடு நிற்கிறவரை அடிப்பதிலும் எனக்கு ஒரு பெருமையும் தெரியவில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. எதிராளி ஆயுதம் மாற்றியதும் தானாகவே பிரேயரை மாற்றித்தரும் திருட்டு கிளையண்டுகள், அதாவது விளையாட்டை ஓட்டும் கள்ள மென்பொருள்கள், உலவுகின்றன. மனிதருக்கு யோசிக்க இடம் தருகிற அதே 0.6 நொடி இயந்திரத்துக்கு ஒரு யுகம். அது ஒரு டிக்கைக்கூடத் தவறவிடாது, விப்பைக் காட்டி ஏமாற்றினாலும் அடுத்த டிக்கிலேயே திரும்பிவிடும். விதியில் தடை இருக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு ஆயுத மாற்றத்துக்கும் ஒரே சீராக, ஒரு மணி நேரம் பிசகாமல் பதில் கொடுக்கிற கணக்கு மனிதருடையது இல்லை என்பது சர்வரில் பதிவாகிற டிக் எண்களிலேயே தெரியுமே. புது ஆயுதம் வேண்டுமா, புது பரிசு வேண்டுமா என்று எங்களிடம் வாக்குக் கேட்பதற்கு முன்னால் ஜாகெக்ஸ் அந்தக் கணக்குகளைத் தேடி மூடட்டும். அதற்கு வாக்கெடுப்பே தேவையில்லை.