ரிவெட் ரிவெட்டாக வடிக்கத் தெரிகிறது, ஓட வைக்கத் தெரியவில்லையா?

யாராவது பக்கத்தில் வந்து நின்று பார்க்கும்போதுதான் என் மாதிரி ரயில் நிற்கும். அதுவரை ஒழுங்காக ஓடிய என்ஜின், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டின் மேல் ஏறியதும் ஒருமுறை துடித்து, விளக்கை மினுக்கி, அப்படியே உட்கார்ந்துவிடும். விரல் நுனியால் லேசாகத் தள்ளினால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் கிளம்பும். அந்தத் தள்ளலை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மாதிரி ரயில் கட்டுவது நூறாண்டு தாண்டிய பொழுதுபோக்கு. உலகெங்கும் அதற்கு நிறுவனங்கள், சங்கங்கள், தர விதிகள். அமெரிக்காவில் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாதிரி ரயில் சங்கம் 1935இலேயே தொடங்கி, சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் விரலால் தள்ளித்தான் ஓட்ட வேண்டுமென்றால் யாரை நோவது?

பலரும் பயன்படுத்தும் எச்ஓ அளவையே எடுத்துக்கொள்வோம். உண்மையில் 87 மீட்டர் இருப்பது இங்கே 1 மீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். ஒன்றில் நேர்மின், மற்றதில் எதிர்மின். சக்கரம் அதை வாங்கும். சக்கரத்தின் முதுகை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு அதை மோட்டாருக்கு அனுப்பும். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஊசிமுனை அளவு. எடையும் கைகொடுக்காது. நீளம் 87 பங்கு குறைந்தால் எடை ஆறரை லட்சம் பங்கு குறையும். 80 டன் என்ஜினைக் கணக்குப்படி சுருக்கினால் ஏறக்குறைய 120 கிராம்தான் தேறும். அதனால்தான் உள்ளே உலோகக் கட்டியை வைத்து எடை ஏற்றுகிறார்கள். தூசு மட்டும் யாருக்காகவும் சுருங்கவில்லை. 0.07 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தலைமுடி அந்த உலகத்தில் 6 மில்லிமீட்டர் கம்பி. நிஜ என்ஜினுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நம்முடையது அதன்மேல் ஏறிவிட்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, விளக்கணைந்து நிற்கும்.

முடியைக்கூட எடுத்துப் போட்டுவிடலாம். தண்டவாளத்தின் மேல் படியும் அந்தக் கறுப்புப் பிசுக்கு இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தீப்பொறிகள், அச்சிலிருந்து கசியும் எண்ணெய், மேலே தூசு, எல்லாம் சேர்ந்து பிசுக்கு. பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம் போட்டிருந்தால் அது அழுக்கை எடுத்துக்கொண்டு போய் லைன் முழுக்கப் பூசிவிட்டு வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கச் சொல்வார் ஒருவர். அது கூடவே கூடாது, வேறு திரவம்தான் என்பார் அடுத்தவர். பென்சில் கிராஃபைட் தடவு என்பார் மூன்றாமவர். சொரசொரப்பான அழிப்பான் கட்டையால் தேய்த்தால் உடனே பளபளக்கும். ஆனால் அது போட்ட கீறல்களுக்குள் அடுத்த அழுக்கு சுகமாகக் குடியேறும். இதில் கொடுமை என்னவென்றால், கைக்கு எட்டும் இடத்தில் என்ஜின் நிற்பதே இல்லை. சுரங்கத்துக்குள், மலைக்கு அடியில், முழங்கை மடங்காத மூலையில்தான் நிற்கும்.

சரி, அழுக்கு இயற்கை. அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. என் கோபமெல்லாம் தயாரிப்பாளர்கள்மேல்.

புதிய என்ஜின் வாங்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகளை ரிவெட் ரிவெட்டாக வடித்திருப்பார்கள். முடியளவு கைப்பிடிக் கம்பி, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கக்கூடிய எழுத்து, ஓட்டுநர் அறையில் அழுத்தமானிக்குக்கூட வண்ணம். கையில் எங்கே பிடித்துத் தூக்குவது என்றே தெரியாது. எங்கே தொட்டாலும் ஏதாவது ஒன்று முறியும். பெட்டிக்குள் கூடவே ஒரு சிறு பை. அதில் பிரேக் குழாய், படிக்கட்டு, கொக்கி, இன்னும் பெயர் தெரியாத துணுக்குகள். அவற்றை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கஷ்டப்பட்டு ஒட்டி முடித்தால், பெட்டியை இணைக்கும் கப்ளிங் பக்கவாட்டில் அசைய இடமில்லாமல் குழாயில் இடிக்கும். வளைவில் வண்டி தடம் புரளும். விளக்கத்தாளைத் திருப்பினால் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: காட்சிக்கு வைக்கும்போது மட்டும். அட, காட்சிக்கு வைக்கவா மோட்டார் போட்டு விற்கிறீர்கள்?

இதே என்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு அச்சில் இரண்டில் மட்டும் மின்சாரம் வாங்கும் தகடு. இழுவைக்கென்று சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரம் வாங்காது. மிச்சமிருப்பதை நம்பித்தான் வண்டி ஓட வேண்டும். பாயிண்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்துக்கு ஃப்ராக் என்று பெயர். பல பாயிண்டுகளில் அது வெறும் பிளாஸ்டிக். யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும், நான்கே சக்கரமுள்ள சின்ன ஷன்டிங் என்ஜின் அங்கே மெதுவாக வந்தால் கதை முடிந்தது.

ரிவெட் எண்ணுகிறவர்களின் நேர்மையையும் கொஞ்சம் பார்க்கலாம். பிரிட்டனின் ஓஓ மாடல்கள் 1:76.2 அளவு. ஓடுவதோ எச்ஓவின் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். பெருக்கிப் பார்த்தால் 1435 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய பாதை 1257 மில்லிமீட்டரில் நிற்கிறது. கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் குறைவு! அடியில் பாதையே இப்படிக் குறுகிக் கிடக்க, மேலே ஒரு ரிவெட் தள்ளிப் போயிற்று என்று விமர்சனத்தில் இரண்டு பத்தி எழுதுகிறார்கள்.

டிஜிட்டல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வந்தது. இப்போது தண்டவாளத்தில் மின்சாரத்தோடு கட்டளையும் போகிறது; என்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்து மோட்டாரை, விளக்கை, ஒலியை இயக்குகிறது. அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளையும் அதே ஊசிமுனை வழியாகத்தானே வரவேண்டும்? முன்பெல்லாம் என்ஜின் வெறுமனே நின்றது. இப்போது அரை நொடி மின்சாரம் போனால், டீசல் என்ஜின் இருமி, உறுமி, முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும் சத்தமெல்லாம் போட்டு ஊரைக் கூட்டிவிட்டுத்தான் நகர்கிறது. இடைவெளியில் தாக்குப்பிடிக்க ஒரு மின்தேக்கி போதும், விற்கவும் செய்கிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதை வைக்க இடமில்லை. அந்த இடத்தில் ஓட்டுநர் அறை விளக்குக்கான பலகை உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், இந்தப் பொழுதுபோக்கின் சுகமே மெதுவாக ஓடுவதில்தான் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை 87ஆல் வகுத்தால் நொடிக்கு 10 சென்டிமீட்டர்கூட வராது. அந்த வேகத்தில் ஒரு சரக்கு வண்டி யார்டுக்குள் நுழைவதைக் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் பெட்டி மெல்லக் குலுங்கும். கப்ளிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியைத் தூரிகையால் ஒதுக்கி, நீர்த்த பசையில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டிய உழைப்பெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வசூலாகிவிடும். மேசை மறைந்து ஓர் ஊர் வந்துவிடும். வேகமாக வட்டமடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஓட்டத்தின் உந்துதலிலேயே மின்சாரம் கிடைக்காத செத்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள். ரசித்து மெதுவாக ஓட்டுகிறவனுக்குத்தான் தண்டனை.

மார்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ரயில்களை ஓட்டுகிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்பதுண்டு. அவர்களுடைய எச்ஓ பாதையின் நடுவே வரிசையாகக் குட்டிக் குட்டி உலோகப் புள்ளிகள். பார்க்க எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அவர்களுக்கு இரண்டு தண்டவாளமும் ஒரே முனை; மற்ற முனை அந்தப் புள்ளிகள். ஒரு பக்கச் சக்கரம் தூக்கினாலும் மறுபக்கச் சக்கரம் காப்பாற்றும். பாதையை வளைத்துத் தன்மேலேயே கொண்டுவந்து சேர்த்தாலும் ஷார்ட் ஆகாது. நாங்கள் அதற்கென்று தனிச் சுற்று போட வேண்டும். அழகை விட்டுக்கொடுத்து ஓட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். யார் புத்திசாலி?

எனவே தயாரிப்பாளர்களே, அடுத்த மாடலில் அழுத்தமானிக்கு வண்ணம் வேண்டாம். ஓட்டுநர் அறை விளக்கை நான் கேட்கவே இல்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு எல்லாச் சக்கரங்களுக்கும் தகடு போடுங்கள், கட்டைவிரல் நகம் அளவு இடம் விட்டு மின்தேக்கியை நீங்களே உள்ளே வையுங்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் ரிவெட்டை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஃப்ராக்கின் மேல் எவ்வளவு மெதுவாகத் தாண்டுகிறது என்று அளந்து எழுதுங்கள். எப்படியும் விலையை ஏற்றத்தான் போகிறீர்கள், இதற்காவது ஏற்றித் தொலையுங்கள்.