"வெட்டிப் பொருத்திக்கொள்ளவும்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

கிட் கார் என்றால் பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே கட்டும் கார். அதன் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு இருக்கும். வயரிங்குக்குக் கலர் கலராகப் படம் இருக்கும். ஹெட்லைட்டை மூடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கவர் பக்கம் வந்தால் மட்டும் ஒரே வரி: "வெட்டிப் பொருத்திக்கொள்ளவும்." எங்கே வெட்டுவது, எதை வைத்து வெட்டுவது, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விடுவது, எதுவுமே கிடையாது. இரண்டு வருஷம் பாடுபட்டுக் காரைக் கட்டி முடித்தவர், கடைசியில் ஒரு பிளாஸ்டிக் துண்டோடு மல்லுக்கட்டி அதையும் உடைத்துவிட்டு நிற்கிறார். இது அவருடைய கைக்குற்றம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்றவர்களின் குற்றம்.

ஃபோர்டு ஜிடி40 நகல்களையே எடுத்துக்கொள்வோம். 1966 முதல் 1969 வரை பிரான்சின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வரிசையாக நான்கு முறை ஜெயித்த கார். உயரம் ஏறக்குறைய 40 அங்குலம், அதனால் வந்த பெயர். இங்கிலாந்தில் எத்தனையோ வீட்டு கராஜ்களில் இதன் நகலைக் கட்டுகிறார்கள். அந்தக் காருக்கு முகமே மூக்கிலிருந்து மட்கார்டு வரை வழியும் அந்த இரண்டு கவர்கள்தான். அது கோணலாக உட்கார்ந்தால் மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடுபடாது.

பெட்டியில் வருவது என்ன? சூடாக்கி அச்சில் இழுத்த பிளாஸ்டிக், சுற்றிலும் வெட்டாத விளிம்போடு. எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. அச்சில் ஒரு கோடு கீறிவைத்தால் அந்தக் கோடு ஒவ்வொரு கவரிலும் தானாக விழும். ஒருமுறை கீறினால் போதும், அதற்குமேல் காலணா செலவில்லை. அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

அதைவிட மோசம், அது என்ன பிளாஸ்டிக் என்றே சொல்லாமல் அனுப்புவது. அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? இரண்டுக்கும் வேலை முறையே வேறு. அக்ரிலிக் பளபளப்பானது, வெயிலைத் தாங்கும், ஆனால் படீரென்று விரிசல் விடும். பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், மேல்பூச்சு இல்லையென்றால் வெயிலில் மஞ்சளாகும், தின்னரோ பெட்ரோலோ பட்டால் கெட்டுப்போகும். சந்தேகமாக இருந்தால் விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி இடுக்கியில் பிடித்து மடக்குங்கள். சடக்கென்று முறிந்தால் அக்ரிலிக். மடங்கியும் முறியாமல் நின்றால் பாலிகார்பனேட். பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையே தேவைப்படாது.

அடுத்தது இடது, வலது கதை. ஃபைபர் பாடியின் மூல வடிவம் பெரும்பாலும் கையால் செய்தது. ஹெட்லைட் உட்காரும் இரண்டு பக்கக் குழிகளும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி, ஒரு பக்கத்துக்கு அளவெடுத்து வெட்டிய அட்டையைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் வெட்டினால் போச்சு. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். கவரின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, குழியின் மேல் வைத்து, உள்ளே ஒரு டார்ச் விளக்கைப் போட்டால் குழியின் ஓரம் டேப்பில் நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் பென்சிலால் வரையும்போது கண் நேர் எதிரே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்து வரைந்தால் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழும். கவர் அங்கேயே வீணாகிறது.

வெட்டும்போது கோட்டுக்கு 5 மி.மீ. வெளியே முதல் வெட்டு. ஜிக்சா என்ற மின் ரம்பத்தில் நுண்பல் பிளேடு, மெதுவாக. வேகம் கூட்டினால் பிளேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிளேடை இழுக்கும்போது விரிசல் ஓடும். குளிர்ந்த கொட்டகையில் அக்ரிலிக்கைத் தொடவே தொடாதீர்கள், முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும். மீதி 5 மில்லிமீட்டரை மரக்கட்டையில் சுற்றிய 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தவறுகிற இடம் இது. பிறகு 240, 400, 600. ஓரத்தைத் தீயில் காட்டிப் பளபளப்பாக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். அந்தச் சூடு அக்ரிலிக்குக்குள் இறுக்கத்தைப் புதைத்துவிடும். பின்னொரு நாள் ஏதாவது கரைப்பான் பட்டதும் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல்.

இனி யாருமே எச்சரிக்காத விஷயம். அந்த வெட்டாத விளிம்புதான் கவரின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெட்டியதும் கவர் கொஞ்சம் விரியும், அல்லது சுருங்கும். நேற்று உட்கார்ந்த கவர் இன்று ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே எல்லாரும் செய்வது, ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கி இழுத்து உட்காரவைப்பது. செய்யாதீர்கள்! இழுத்துப் பிடித்த பிளாஸ்டிக் என்றைக்காவது ஒருநாள் விரிசல் விட்டே தீரும். கவரை வளைக்காமல், அது உட்காரும் குழியோரப் படியைத்தான் திருத்த வேண்டும். கவரின் உள்விளிம்பு முழுக்க பேக்கிங் டேப் ஒட்டுங்கள். அடுத்துத் தடவப்போகும் பாடி புட்டியில் (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கில் பட்டால் அரித்துவிடும் என்பதால் ஒரு இடம்கூட விடக் கூடாது. படியில் அந்தப் புட்டியைத் தடவி, கவரை அதன் மேல் சும்மா வைத்து, இறுகியதும் எடுத்துத் தேய்த்தால் கவருக்கு ஏற்ற படி கிடைக்கும். துளை போடுவது இதற்குப் பிறகுதான்.

துளை! சாதாரண டிரில் பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும். துளை வாயில் ஒரு துண்டு சில்லாகத் தெறிக்கும். வெட்டும் முனையை எண்ணெய்க் கல்லில் லேசாக மழுக்கியோ, படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில்லை வைத்தோதான் போட வேண்டும், பின்னால் மரக்கட்டை முட்டுக்கொடுத்து. 4 மி.மீ. தடிமனுள்ள எம்4 ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. துளை போடச் சொல்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். 400 மி.மீ. நீளக் கவர், 40 டிகிரி சூடு ஏறினால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஃபைபர் அதில் பாதிகூட நீளாது. துளை 6 மி.மீ. இருக்க வேண்டும், துளையின் மையம் ஓரத்திலிருந்து குறைந்தது 12 மி.மீ. உள்ளே.

அப்படியிருக்க, கிட்டோடு அனுப்புவது என்ன ஸ்க்ரூ? கூம்புத் தலை ஸ்க்ரூ! மேற்பரப்போடு சமமாக, பார்க்க அழகாக இருக்குமாம். கூம்புத் தலை என்பது பிளாஸ்டிக்குக்குள் அடிக்கிற ஆப்பு. இறுக்க இறுக்கத் துளையைப் பிளக்கும். கிட்டப்போய்ப் பாருங்கள், துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி ஐந்தாறு வெள்ளைக் கோடுகள் கிளம்பியிருக்கும். தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் ஸ்க்ரூ, அதன் அடியில் நைலான் வாஷர், ஃபைபரில் ரப்பர் நட், இவ்வளவுதான் தேவை. வாஷர் தொட்டதும் கால் சுற்று, அதோடு நிறுத்துங்கள். ஸ்க்ரூ கழலாமலிருக்க லாக்டைட் போன்ற திரவப் பூட்டை இங்கே விட்டால், வழிந்து பிளாஸ்டிக்கில் பட்ட இடம் விரிசல் விடும்.

சிலிக்கான் போட்டு ஒட்டிவிடலாம் என்பவர்களுக்கு: வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. நியூட்ரல் வகை பரவாயில்லை. ஆனால் ஒட்டிவிட்டால் முன்னாலிருந்து கழற்றும் பல்பை எப்படி மாற்றுவீர்கள்? மெல்லிய ஃபோம் டேப் போதும். காற்றே புகாமல் அடைத்தால் உள்ளே ஆவி கட்டும். கீழ்முனையில் 5 மி.மீ. வடிதுளை இரண்டு வேண்டும்.

விளக்கின் குறியை, அதாவது வெளிச்சம் விழும் திசையை, கவர் போடும் முன்பே சரிசெய்துவிட்டு, போட்ட பிறகு சுவரில் அடித்து மறுபடி பார்க்க வேண்டும். சாய்ந்த பிளாஸ்டிக் வெளிச்சத்தை இழுத்துச் சிதறடிக்கும். ஜாகுவார் ஈ-டைப் கார் தன் ஹெட்லைட் கவர்களை 1967-இல் இழந்தது அமெரிக்க விளக்கு விதிகளால்தான். இப்படிக் கட்டிய கார்களைச் சாலையில் விட பிரிட்டனில் 2009 முதல் நடக்கும் ஐவிஏ (தனி வாகன ஒப்புதல்) சோதனையிலும் விளக்கின் குறியைப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் கையேட்டில் எழுத ஒரு பக்கம் போதும்.

கவர் ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்த பிளாஸ்டிக், எத்தனை மி.மீ. தகட்டில் இழுத்தது, வெட்டுக்கோடு அச்சில் உண்டா. பதில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.