பாதி கிளட்ச்சில் நிறுத்தினால் தேயாதா?

“ஸ்போர்ட்ஸ் கார் கிளட்ச் பந்தயத்துக்கே செய்தது; மேட்டில் பிரேக் வேண்டாம், பாதி கிளட்ச்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடி) நிறுத்தலாம்” என்று பெங்களூரு தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. தயவுசெய்து நம்பாதீர்கள்.

எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலும், அதன் விசையைக் கியருக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி உரசும்போதுதான் தேய்மானம். ஹெப்பாள் மேம்பால ஏற்றத்தில் பாதி மிதித்து நின்றால் அந்த உரசல் ஓயாது; பிளேட் சூடேறி, அதன் மேலுள்ள உரசும் பரப்பான லைனிங் கருகும். அந்தத் தீய்ந்த வாடை அதுதான். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முதல் கியரே அதிக வேகத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதால், வண்டியை நகர்த்தவே கூடுதல் உரசல் வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் கேட்கவே வேண்டாம்!

நின்றால் நியூட்ரல், பிரேக். கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி நிற்பதும், மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்குக்குக் கேடு.

காலிச் சாலையில் உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) எகிறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.