அகிலீஸ் செய்தது தப்பு என்று ஹோமரே சொல்கிறார்

கிரேக்கப் புராண வீரர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு வாதம் வந்துவிடுகிறது. "அந்தக் காலம் வேறு, அந்த நியாயம் வேறு. இன்றைய கண்ணை வைத்துக்கொண்டு அகிலீஸையும் ஒடிசியஸையும் எடைபோடாதீர்கள்." கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால் ட்ராய் நகரின் மீது கிரேக்கர்கள் நடத்திய போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டைப் பொறுமையாகப் படித்தால் இந்த வாதம் நிற்காது. அந்த வீரர்களை முதலில் எடைபோட்டவர் ஹோமர்தான்.

நம்மில் பலருக்கு அகிலீஸ் என்றால் 2004இல் வந்த 'ட்ராய்' படத்து பிராட் பிட். அந்தப் படத்தில் பிரிசெய்ஸ், கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னானின் ஆட்களிடமிருந்து அகிலீஸ் காப்பாற்றும் பெண். இருவருக்கும் காதல் வருகிறது. கடைசியில் அவளைத் தேடி எரியும் நகருக்குள் ஓடித்தான் அவன் உயிரை விடுகிறான்.

இலியட்டில் பிரிசெய்ஸ் வாய் திறந்து பேசுவது ஒரே ஒரு இடத்தில். 19ஆம் பகுதி. அகிலீஸிடமிருந்து பறித்துக்கொண்ட அவளை அகமெம்னான் திருப்பி அனுப்புகிறான். கூடாரத்துக்கு வந்தால் அகிலீஸின் உயிர் நண்பன் பட்ரோக்ளஸின் பிணம் கிடக்கிறது. அதன்மேல் விழுந்து மாரையும் முகத்தையும் பிறாண்டிக்கொண்டு அழுகிறாள். அந்த ஒப்பாரியில்தான் அவள் கதை நமக்குத் தெரியவருகிறது. அவளுடைய கணவனைக் கொன்றவன் அகிலீஸ். கூடப் பிறந்த மூன்று பேரும் அதே நாளில் செத்தார்கள். அப்போது அவளை அழவிடாமல் தேற்றியவன் பட்ரோக்ளஸ். எப்படித் தேற்றினான் தெரியுமா? உன்னை அகிலீஸுக்கே முறைப்படி மனைவியாக்குகிறேன் என்று சொல்லி. கணவனைக் கொன்றவனுக்கே மனைவியாவதுதான் அவளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய ஆறுதல்! சுற்றியிருந்த மற்ற அடிமைப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் சொந்தத் துக்கத்துக்கு அழுதாள் என்கிறார் ஹோமர். போரில் பிடிபட்ட பெண்களின் நிலையை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காதல் கதையை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அகிலீஸை நல்லவனாக்க அந்தப் படம் இன்னொரு வேலையும் செய்கிறது. பழியை எல்லாம் அகமெம்னான் தலையில் கட்டுகிறது. ட்ராயின் கிழட்டு அரசன் பிரியாமைப் பலிபீடத்தில் கொன்றது, மரபுக் கதையில், அகிலீஸின் மகன் நியோப்டாலமஸ். படத்தில் அந்த மகனே கிடையாது. அகமெம்னான் பின்னாலிருந்து குத்துகிறான். பட்ரோக்ளஸின் சிதையில் அகிலீஸ் பன்னிரண்டு ட்ரோஜன் இளைஞர்களை வெட்டிப் போட்டதும் படத்தில் இல்லை. ஆற்றில் உயிரோடு பிடித்து, அவர்கள் கச்சையாலேயே கைகளைக் கட்டி இழுத்து வந்த பையன்கள் அவர்கள். அந்தக் கொலையைச் சொல்லும் இடத்தில் அவன் மனம் தீய செயல்களை எண்ணியது என்று ஹோமர் சொல்கிறார். அப்புறம் 24ஆம் பகுதியில் அப்பல்லோ என்ற தேவன் தேவர்களின் சபையில் நின்று, அகிலீஸிடம் இரக்கமும் இல்லை வெட்கமும் இல்லை, உணர்வற்ற மண்ணை இழுத்து இழுத்து அவமதிக்கிறான் என்று குற்றம் சாட்டுகிறான். பிரியாமின் மகன் ஹெக்டரைக் கொன்று, அவன் உடலை அகிலீஸ் தேரில் கட்டி நாள்தோறும் இழுத்ததைத்தான் சொல்கிறான். இதற்குமேல் அந்தக் காலத்துத் தீர்ப்பு என்ன வேண்டும்?

நான் அகிலீஸை வில்லனாகக் காட்டச் சொல்லவில்லை. அவனை வெறுத்துக்கொண்டு இலியட்டைப் படிக்க முடியாது. தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை, ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த பிரியாம் முத்தமிடும் இடம் உலுக்கிவிடுகிறது என்றால், அந்தக் கைகள் என்னென்ன செய்தன என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான் காரணம். படத்தில் பீட்டர் ஓ'டூல் அந்தக் காட்சியில் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் ஏற்கெனவே பாதி நல்லவன். அவன் மனம் மாறுவதற்குப் பெரிய தூரம் எதுவும் மிச்சமில்லை.

1963இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்திலும் இதே கதைதான். ரே ஹாரிஹவுசனின் எலும்புக்கூட்டுச் சண்டை இன்றைக்கும் பிரமாதம். ஆனால் தங்கக் கம்பளி தேடிப் போன ஜேசனும் அவனுக்கு உதவிய மெடியாவும் முத்தமிடுவதோடு படம் முடிகிறது. மெடியாவை உதறிவிட்டு கொரிந்த் அரசனின் மகளை அவன் கட்டப்போவது அதற்குப் பிறகு. ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 431இல் அந்த இடத்திலிருந்துதான் நாடகத்தைத் தொடங்கினார். காட்டுமிராண்டி நாட்டிலிருந்து உன்னைக் கிரீஸுக்குக் கொண்டுவந்தேனே, சட்டம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டாயே, நன்றி வேண்டாமா என்று ஜேசன் அவளிடமே கேட்கிறான். தன் உயிரைக் காப்பாற்றியவளிடம்!

கி.மு. 415இல் அதே யூரிப்பிடிஸ் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தை ஏதென்ஸில் போட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. அந்த ஊர் மக்கள் உட்கார்ந்து பார்த்த மேடையில் ஹெக்டரின் குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கிப்போய் மதிலிலிருந்து எறிகிறார்கள். அந்த யோசனையைச் சொன்னவன் ஒடிசியஸ். குழந்தையின் உடல் தகப்பனின் கேடயத்தில் கிடத்தப்பட்டுப் புதைக்கப்படுகிறது. 'ட்ராய்' படத்திலோ அந்தத் தாயும் பிள்ளையும் சுரங்கப் பாதை வழியே தப்பிவிடுகிறார்கள்.

ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஹோமரின் ஒடிசியில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. தன் மனைவியை மணம் பேச வந்தவர்களை ஒடிசியஸ் கொன்று முடித்ததும், அவர்களோடு படுத்த பன்னிரண்டு பணிப்பெண்களை அழைத்து, பிணங்களைத் தூக்கவைத்து, மேசைகளை ஈரப் பஞ்சால் துடைக்கவைத்து, அப்புறம் அவன் மகன் டெலிமாக்கஸ் ஒரே கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். இங்கே ஹோமர் கண்டிக்கவில்லை. ஆனால் கண்ணியில் சிக்கிய பறவைகளைப் போல வரிசையாகத் தொங்கினார்கள், கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரமில்லை என்று எழுதுகிறார். அந்தக் கால்களைப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். பார்த்த பிறகு இது கொடுமை என்று நான் சொல்வதில் எந்தக் காலக் குழப்பமும் இல்லை.

இதைத் திரையில் செய்ய முடியாது என்றும் சொல்ல வேண்டாம். இயக்குநர் மைக்கேல் ககோயானிஸ் 1971இல் 'தி ட்ரோஜன் விமன்', 1977இல் 'இஃபிஜீனியா' என்று செய்தே காட்டியிருக்கிறார். இரண்டாவது படத்தில் கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்று மகளையே பலிகொடுக்கும் அகமெம்னான் கோழையாகவும் தகப்பனாகவும் ஒருசேரத் தெரிகிறான். ஐரீன் பாப்பாஸ் அவன் மனைவி கிளிடெம்னெஸ்ட்ராவாக நடித்திருக்கிறார். இன்னும் பார்க்காதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். இனி யார் இலியட்டைப் படமெடுத்தாலும் பிரிசெய்ஸின் அந்த ஒப்பாரியை வெட்டாமல் வைக்க வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.