ஒரு மாநில அனுமதி அமெரிக்கா முழுக்கச் செல்லாது

"ஒரு மாநிலத்தில் துப்பாக்கியை உடலில் மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி வாங்கினால் போதும், 50 மாநிலங்களிலும் செல்லும், 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அதைச் சொல்லிவிட்டது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. சிறப்புக் காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க் விதியைத்தான் அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. அனுமதி முறையை அல்ல. டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலங்களிலும் செல்லும்; இது அப்படித் தானாக எல்லை தாண்டாது. பென்சில்வேனியா அனுமதியை நம்பி, பக்கத்து நியூஜெர்சிக்குள் போய்க் கைதானவர்கள் உண்டு.

தினமும் துப்பாக்கி எடுத்துப்போய்ப் பழகியவர்களைப் பற்றித்தான் என் கவலை. பழகிவிட்டால், துப்பாக்கி கூட இருப்பதே மறந்துபோகும். 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானவற்றில் குண்டு நிரப்பியிருந்தது. தயவுசெய்து, கிளம்பும் முன் போகிற மாநிலத்தின் சட்டத்தைப் படியுங்கள். அப்புறம், பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.